விடுதலைப் பத்திரம்

ஒன்பது நாள் லீவு.
பவர் எழுதி அனுப்பியிருந்தாலே போதும்தான்.
"நேர்ல வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்மா"
என்றார் வக்கீல் சோலைமலை.
முடிந்தது. ஒரே நாள்தான்.
தெற்குவாசல் வீட்டில் எனக்கிருந்த பாதியைத்
தம்பி தனபாலனுக்கு விட்டுக்கொடுத்து
இடது பெருவிரலை இயந்திரத்தில் வைத்தேன்.
இரண்டு தரம் பதியவில்லை.
சேலை நுனியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள்.
அந்தத் தாளுக்குப் பெயர்
விடுதலைப் பத்திரம்.

பாஸ்போர்ட்டின் ஒன்பதாம் பக்கத்தில்
ஒட்டியிருக்கிறது செத்துப்போன விசா.
அங்கே இருந்தவரை அது ஒரு பொருட்டில்லை.
உள்ளே இருக்க ஒரு தாள்,
உள்ளே வர ஒரு முத்திரை.
தாள் இன்னும் இரண்டு வருஷம் செல்லும்.
முத்திரை போன ஆவணியோடு சரி.
ஒரு மாத்திரை எத்தனை மாதம் தாங்கும் என்று
வெயிலிலும் ஈரத்திலும் வைத்துப் பார்த்து
அட்டையில் தேதி போடச் சொல்வதுதான்
கொலம்பஸில் என் உத்தியோகம்.
சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தூதரகம்.
திங்கள் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில்
கொடைரோடு தாண்டும்போது வந்தது மின்னஞ்சல்:
உங்கள் நேர்காணல் மாற்றப்பட்டுள்ளது,
மார்ச் பதினேழு.
அன்றைக்குத் தேதி டிசம்பர் ஒன்பது.
எதிர் பெர்த்துக்காரர் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தபடி
"சென்னையில எங்க இறங்குறீங்க?" என்றார்.
திண்டுக்கல்லில் இறங்கினேன்.

ஆரப்பாளையம் வந்து சேர மணி ஒன்று.
"எங்கம்மா?"
"தெற்குவாசல்."
முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தான்.

இந்த ஊரில்
வாசல் என்று பெயரிருக்கும் இடத்தில் வாசல் இல்லை.
கோட்டையை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள்,
மேலே வெளிவீதி என்று ரோடு போட்டார்கள்.
மீன் வண்டி போகிறது, மினிபஸ் போகிறது,
பாதி ராத்திரியில் ஒரு நாய் நடுரோட்டில் நின்று யோசித்துவிட்டு
அந்தப் பக்கம் போகிறது.
யாரும் யாரிடமும் எதையும் காட்டுவதில்லை.

முதல் வாரம் தெருவில் கேட்டார்கள்: எப்ப வந்தே?
இரண்டாம் வாரம்: எப்பக் கிளம்புற?
நாலாம் வாரம் யாரும் கேட்கவில்லை.
பால்காரர் மட்டும் அரை லிட்டர் கூட்டிக்கொண்டார்.

ஜெயசுதா நல்லவள். காலையில் கீசரைப் போட்டுவிட்டு
எனக்கு முன்னால் குளிக்காமல் காத்திருப்பாள்.
மாடி அறைக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டதாம்,
தையில் குடிவருகிறார்களாம்.
"அதனால என்ன அண்ணி, நீங்க கீழ படுத்துக்கங்க."
அந்த அறை ஜன்னலின் கொக்கி என் ஒன்பதாம் வகுப்பில் உடைந்தது.
சொல்லவில்லை.
புதுசாகக் குடிவருகிறவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கே காலை ஏழு.
போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து
அருளப்பன் பின்னல் போடுவார்.
இடதை எடுங்க, நடுவுக்குக் கொண்டாங்க, இறுக்காதீங்க,
வலது, வலது.
இரண்டாம் வாரத்திலேயே எனக்கு வேலையில்லாமல் போனது.
நன்றாகவே பின்னுகிறார்.
நிலானி திரும்பாமலே கேட்டாள்:
"அம்மா, நம்ம வீட்டு டோர் நம்பர் மறந்துட்டியா?
நான் சொல்லட்டா?"
சொன்னாள்.
நாலு இலக்கம்.
எழுதிக்கொள்கிற மாதிரி பேனாவைத் தேடினேன்.

நேற்று தம்பி
விளக்குத்தூண் பக்கம் போனவன்
நாற்பது ரூபாய்க்கு ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தான்.
"மார்ச் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பெல் அடிச்சுக்கிட்டு இருப்பியா?"
புதுச் சாவி, ஓரம் இன்னும் கீறுகிறது.
"சும்மா திருப்பினா திறக்காதுக்கா.
கதவை உன் பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு
லேசாத் தூக்கித் திருப்பணும்."
முப்பது வருஷம் நான் திறந்த கதவு.
"எப்படி, இன்னொரு தரம் காட்டு" என்றேன்.
காட்டினான்.